குளக்கரையில் சேராத ஒருவர்

கறவை மாட்டை விற்க வைத்து, வீடு கொள்ளாமல் துணி துவைக்கும் திரவத்தை இறக்கி, செங்கமலத்தை ஏமாற்றியது ஒரு கம்பெனி. ஆள் சேர்த்தால் லாபம் என்றார்கள். கூத்தங்குடியில் எல்லோருமே சேர்ந்துவிட்ட பிறகு யார் யாரிடம் விற்பது? அவரவர் சரக்கை அவரவரே துவைத்துத் தீர்த்தார்கள். வாய்க்கால் நுரைத்தது. குளத்தில் தவளைச் சத்தம் நின்றுபோனது.

மிச்சப் பாட்டில்களைத் திருப்பி எடுக்கச் சொன்னாள் செங்கமலம். அவளைச் சேர்த்துவிட்ட கம்பெனியின் டைமண்ட் லீடர் தயாபரன் காரில் வந்திறங்கிச் சிரித்தார். “ஊர்ல சேராத ஆளே இல்லைன்னு காட்டும்மா, எடுத்துக்கறேன்.”

“ஒரே ஒருத்தர் பாக்கி சார். குளக்கரையில நிப்பார். நாங்க கூப்பிட்டா பேச மாட்டேங்கறார். நீங்க பேசிப் பாருங்க.”

அந்தி மங்கலில், ஆளுயர வெள்ளை உருவம் ஒன்று கரையில் நின்றது. தயாபரன் டையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பேச்சைத் தொடங்கினார். “ஐயா, சுத்த மூலிகை. மண்ணோட மண்ணாக் கலந்துடும். ஒரு பூச்சிக்குக்கூடக் கெடுதல் இல்லை.”

உருவம் மெல்லத் தலையாட்டியது. பிறகு காலில்லாமலே அவரை நோக்கி நகர்ந்து வந்து, முழங்கால்வரை அப்பிக்கொண்டது. எலுமிச்சை வாசனை அடித்தது. அவருடைய பாட்டிலின் அதே வாசனை.

“யாரும்மா இது?” என்றார், காலை உதறிக்கொண்டே.

“மண்ணுல கலந்துடும்னீங்களே, அந்த நுரைதான் சார். ஊர்ல உங்க கம்பெனியில சேராதது இது ஒண்ணுதான். இதையும் சேர்த்துக்கறீங்களா, இல்ல பாட்டிலை வண்டியில ஏத்தட்டுமா?”