கருவாட்டுத் தடை

ஊரில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது பேர் கருவாடு தின்றவர்கள் என்று அரண்மனை வைத்தியர் சொன்னதும், ஜமீன்தார் கருவாடு விற்கத் தடை போட்டார். கருவாட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை. கூடையோடு அரண்மனைக்குப் போனாள். காவலர் விரட்டியும் நகரவில்லை. சத்தம் கேட்டு ஜமீன்தாரும் வைத்தியரும் வாசலுக்கு வந்தார்கள்.

"வைத்தியரய்யா, ஊர்ல கருவாடு திங்கிறவுக எத்தனை பேரு?"

"தொள்ளாயிரம் பேர்."

"தொடாதவுக?"

"அரண்மனையில் நாங்கள் பத்துப் பேர்தான்."

"காய்ச்சல் கண்ட பத்தாவது ஆளு?"

வைத்தியர் ஜமீன்தாரை ஓரக்கண்ணால் பார்த்தார். "சின்ன எசமான்."

"அப்போ தின்னவுகள்ல நூத்துக்கு ஒருத்தர், தின்னாதவுகள்ல பத்துக்கு ஒருத்தர். உங்க கணக்குப்படி அரண்மனைக்குத்தான் கருவாடு வேணும்."

ஜமீன்தார் சிரித்துவிட்டார். தடையை நீக்கிவிட்டு வைத்தியரிடம் சொன்னார்: "காய்ச்சலுக்குக் காரணத்தை வேறெங்காவது தேடும். கண்டுபிடிக்கும்வரை மதியம் உமக்குக் கருவாட்டுக் குழம்புதான்."