ஒரு சாண் மேலே

குறிச்சி என்று ஓர் ஊர். ஊரின் பெயரிலேயே குறி இருப்பதால் அங்கே ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருப்பதுதான் நியாயம் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அந்த நான்கு பேரும்தான் சங்கம்.

சோலையப்பன் தலைவர். நால்வரில் அவருக்குத்தான் தலை பெரிது. வேலுத்தாய் சுடுகிறவர். ஒரு கண்ணைத் திறந்துகொண்டு மற்றக் கண்ணை மட்டும் மூட அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இருளாண்டி, சுட வேண்டிய தட்டைக் கொண்டுபோய்க் கட்டுகிறவர். அரியநாதன் சந்தேகம் கேட்கிறவர்.

சங்கத்துத் துப்பாக்கி, கடையில் இருந்ததிலேயே மலிவானது. சுண்டுவிரல் நுனியளவு தோட்டா. அதன் விளிம்பில் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி தட்டினால் வெடிக்கும். ஐம்பது மீட்டரில் அது தங்கமான துப்பாக்கி. வேலுத்தாய் பத்துத் தடவை சுட்டால் பத்தும் ஓர் உளுந்து வடைக்குள் அடங்கிவிடும். இது உவமை இல்லை. போன பொங்கலுக்கு நிஜமாகவே ஒரு வடையைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டார்கள். நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருந்ததால், எத்தனை குண்டு பட்டது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை மாவட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ‘ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் வருவார். நூறு மீட்டர் தூரத்தில் அவர் மாட்டும் தட்டில் பத்துக்கு ஐந்து குண்டாவது பட வேண்டும். படாவிட்டால் துப்பாக்கி பாறைக்காட்டூர்ச் சங்கத்துக்குப் போய்விடும்.’

வேலுத்தாய் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அடுத்த மாதம் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். துப்பாக்கி இல்லாமல் போய் அங்கே ஒரு கண்ணை மூடிக் காட்டி என்ன பயன்?

உடனே நூறு மீட்டர் அளந்தார்கள். குன்றின் அடிச் சரிவில் ஒரு பனைமரம் நின்றது. அதில் தட்டைக் கட்டினார்கள். வேலுத்தாய் பத்துத் தடவை சுட்டார். பத்தும் தட்டுக்கு ஒரு சாண் கீழே போய் மரத்தில் இறங்கின.

“பாதி வழியிலேயே குண்டுக்குக் கால் ஓய்ஞ்சு போச்சு,” என்றார் இருளாண்டி.

“குண்டுக்கு ஏதுய்யா காலு?” என்று கேட்டார் அரியநாதன்.

“அது இல்லாமத்தானே சீக்கிரம் ஓய்ஞ்சு போகுது!”

இதற்கு மேல் யோசிக்க முடியாது என்று தலைவர் தீர்மானித்து, சுபேதார் சவரிமுத்துவுக்கு போன் போட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

“முதல்ல தோட்டாவைக் கவனிங்க,” என்றார் சுபேதார். “மலிவுத் தோட்டா பெட்டிக்குப் பெட்டி வேகம் மாறும். கிட்டத்துல தெரியாது, தூரத்துல காட்டிக் கொடுத்துடும். எல்லாம் ஒரே பெட்டித் தோட்டாவா இருக்கணும். விளங்குதா?”

“நல்லா விளங்குது ஐயா.”

சங்கத்தில் நான்கு கம்பெனித் தோட்டாக்கள் நான்கு பெட்டிகளில் இருந்தன. இருளாண்டி வீட்டுக்கு ஓடி முறுக்கு டின்னை எடுத்து வந்தார். நான்கையும் அதில் கொட்டி நன்றாகக் குலுக்கினார்கள். இப்போது எல்லாம் ஒரே பெட்டி. அன்று ஒரு குண்டு மேலே போயிற்று, ஒன்று கீழே போயிற்று, ஒன்று எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

“ஒரே பெட்டித் தோட்டாதானே?” என்று செவ்வாய்க்கிழமை சுபேதார் கேட்டார்.

“ஒரே பெட்டிதான் ஐயா. பெரிய பெட்டி.”

“அப்படின்னா குதிரைதான் கோளாறு. இழுத்தா துப்பாக்கி ஆடிடும். மெதுவா, குதிரைக்கே தெரியாம அமுக்கணும்.”

குறிச்சியில் துப்பாக்கியின் அந்த உறுப்பை விசை என்றுதான் சொல்வார்கள். குதிரை என்றால் அங்கே ஒன்றே ஒன்றுதான்: கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் ரங்கசாமியின் வெள்ளைக் குதிரை. புதன்கிழமை அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேலுத்தாய் சுடப் படுத்தார். மற்ற மூவரும் குதிரையின் ஆளுக்கொரு காலை அமுக்கினார்கள்.

“மெதுவா, மாமா! அதுக்குத் தெரிஞ்சிடப் போகுது!” என்று கிசுகிசுத்தார் இருளாண்டி.

“தெரியாத மாதிரிதான் அமுக்கறேன்,” என்றார் அரியநாதன்.

குதிரைக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு நாள் அரியநாதன் தம் சந்தேகங்களை நின்றுகொண்டே கேட்டார்.

நடந்ததைச் சுபேதார் இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு விசைதான் குதிரை என்று விளக்கினார். முறுக்கு டின் விஷயமும் வெளியே வந்தது. ஒரே கம்பெனித் தோட்டாவாகப் பொறுக்கி எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சுட்டபோது பத்தும் பழையபடி அழகாக, வரிசையாக, ஒரு சாண் கீழே.

“அது இயற்கைய்யா,” என்றார் சுபேதார். “ஐம்பதுக்குச் சரிபண்ணின துப்பாக்கி நூறுல அவ்வளவு இறங்கத்தான் செய்யும். ஒரு சாண் ஏத்துங்க, சரியாப் போயிடும்.”

தட்டை ஒரு சாண் ஏற்றிக் கட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் தலைவர் மறுபடி போன் போட்டார். “ஐயா, நாங்க ஒரு சாண் ஏத்தினோம். குண்டு இப்ப ரெண்டு சாண் கீழே போகுது. அதுக்கு வீம்புங்கய்யா.”

“யோவ்! தட்டை ஏன்யா ஏத்தினீங்க? தட்டு இருந்த இடத்துலயே இருக்கட்டும். தட்டுக்கு ஒரு சாண் மேலே சுடுங்க. அவ்வளவுதான். வைங்க போனை!”

நால்வரும் பனைமரத்தடியில் கூடினார்கள்.

“தட்டுக்கு ஒரு சாண் மேலே என்ன இருக்கு?” என்று தொடங்கினார் அரியநாதன்.

“ஒண்ணும் இல்லை. மரத்துக்கு முன்னாடி வெறும் காத்து,” என்றார் இருளாண்டி.

“காத்தைச் சுட்டா பட்டுச்சா, படலையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“ஓட்டை இருக்குமே.”

“காத்துல ஓட்டை விழுந்தா உடனே மூடிக்கும், தெரியும்ல?”

இது பலமான கேள்வி. தலைவர் தலையைச் சொறிந்து முடிவு சொன்னார்: “அவரு சுடச் சொன்ன இடத்துல சுடறதுக்கு ஏதாவது இருக்கணும். அங்கே நாமளே ஒரு தட்டைக் கட்டிருவோம்.”

“யாரு சாணுக்கு?”

“சுடறது வேலுத்தாய். அதனால வேலுத்தாய் சாணுக்கு.”

ஞாயிறு காலை பார்வையாளர் கனகசபாபதி வந்து, தாம் கொண்டுவந்த தட்டைப் பனைமரத்தில் மாட்டினார். அதற்கு ஒரு சாண் மேலே இருளாண்டி தம் வீட்டு எவர்சில்வர் டிபன் தட்டைக் கட்டினார். வெயிலுக்கோ திருஷ்டிக்கோ என்று நினைத்துப் பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை. பாறைக்காட்டூரிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

“துப்பாக்கிக்கு உறை தைச்சே கொண்டாந்துட்டோம் அக்கா,” என்றான் ஒருவன். “எண்ணெய் மட்டும் போட்டுக் குடுங்க.”

வேலுத்தாய் தோட்டாக்களை எண்ணி எடுத்துக்கொண்டார். படுத்து, மூச்சைப் பிடித்து, டிபன் தட்டின் நடுவைப் பார்த்துப் பத்துத் தடவை சுட்டார். அப்படிப் பொறுமையாக அவர் முன்பு சுட்டதே இல்லை.

இருளாண்டி மரத்தடிக்கு ஓடினார். டிபன் தட்டு பளபளவென்று முகம் காட்டியது. அவர் கத்தியது நூறு மீட்டருக்கும் கேட்டது. “போச்சே! ஒரு கீறல்கூட இல்லையே!”

தலைவர் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வேலுத்தாய் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாமே பாறைக்காட்டூர் உறைக்குள் போட்டு முடிச்சும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்போது மரத்தடியிலிருந்து பார்வையாளர் கூவினார். “பத்துக்குப் பத்து! சபாஷ்மா!”

“கேலி பண்ணாதீங்க ஐயா,” என்றார் வேலுத்தாய். “நான் சுட்டது மேல் தட்டை.”

“கீழ்த் தட்டுதானேம்மா கணக்கு?”

“அதுல தெரியாமப் பட்டுருச்சு.”

“பத்துமா?”

“பத்தும் தெரியாமத்தான். எங்க சங்கத்துல பொய் சொல்ற பழக்கம் இல்லீங்க.”

“உங்க தட்டைப் பாழாக்கினதுக்கு மன்னிக்கணும்,” என்று தலைவரும் கைகூப்பினார்.

பார்வையாளர் நால்வரையும் ஒரு முறை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முடிச்சை அவிழ்த்துத் துப்பாக்கியை எடுத்து வேலுத்தாய் கையில் வைத்துவிட்டு, வேகமாகப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். பாறைக்காட்டூர்க்காரர்கள் வெறும் உறையோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

“பாவம், நல்ல மனுஷன். இரக்கப்பட்டு விட்டுட்டுப் போறாரு,” என்றார் இருளாண்டி.

“இரக்கத்துல வந்த துப்பாக்கியோட நான் மாவட்டப் போட்டிக்குப் போக மாட்டேன்,” என்றார் வேலுத்தாய். “மேல் தட்டை அடிச்சுட்டுத்தான் போவேன்.”

மறுபடியும் சுபேதாருக்கு போன் போட்டார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எந்தத் தட்டா இருந்தா என்னய்யா? அதுக்கு ஒரு சாண் மேலே சுடுங்க!”

ஒரு சாண் மேலே அரியநாதன் வீட்டுத் தட்டைக் கட்டினார்கள். வேலுத்தாய் அதன் நடுவைப் பார்த்துச் சுட்டார். இருளாண்டியின் தட்டில் பத்து ஓட்டை. அரியநாதனின் தட்டில் ஒரு கீறலும் இல்லை. ஆகவே அதற்கு ஒரு சாண் மேலே தலைவர் வீட்டுத் தட்டு.

இப்போது குறிச்சியில் எந்த வீட்டிலும் தட்டு கிடையாது; இட்லிகூட இலையில்தான். பனைமரத்தில் அடியிலிருந்து நுனிவரை சாணுக்கு ஒரு தட்டு தொங்குகிறது. உச்சித் தட்டைத் தவிர மற்றதெல்லாம் சல்லடை.

போன வாரம் இருளாண்டி மரத்தில் ஏறி, கையில் புதுத் தட்டோடு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“தலைவரே! மரம் முடிஞ்சு போச்சு!”

கீழே மூவரும் கலந்து பேசினார்கள். பிறகு சோலையப்பன் கையைக் குவித்துக் கத்தினார்:

“நீ அங்கேயே இரு! நாங்க வேருக்குத் தண்ணி ஊத்தறோம்!”