ஏழாவது சிடி

2004 அக்டோபர் 11, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் புகார் நோட்டு திறந்து கிடந்தது. பதினேழு புகார்கள். பதினேழையும் பார்க்க வேண்டியவர் என்று எழுதியிருந்த பெயர் ஒன்றுதான்: பல்கீஸ்.

பல்கீஸுக்கு இருபத்தெட்டு வயது. ஒப்பந்தத்தில் வந்த கணினிப் பராமரிப்பாளர். அவருக்கு ஒரே ஒரு மாணவர். பெயர் ஞானதிரவியம், வயது ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருடம் ஆலையின் டெலக்ஸ் இயந்திரத்தை, வெளியூர்ச் செய்தி வந்தால் மணி அடிக்கும் அந்தத் தட்டச்சை, ஓட்டியவர். டெலக்ஸ் அறையை மூடிய பிறகு அவரை எங்கே உட்கார வைப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. கணினிப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அவர் பல்கீஸை டீச்சர் என்று கூப்பிட்டார். கேலியாகத் தொடங்கியது. ஒரு மாதத்தில் கேலி போய்விட்டது, டீச்சர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கேன்டீனில் மற்றவர்கள் மட்டும் கேலியை விடவில்லை.

"அண்ணாச்சி, வீட்டுப்பாடம் எழுதியாச்சா? எழுதலேன்னா டீச்சர் பெஞ்சு மேல ஏத்திருவாவ."

"ஏத்தட்டும்டே. மேல நின்னு பாத்தா ஒன் வழுக்கை நல்லாத் தெரியும்."

பதினேழு புகாருக்கும் நோய் ஒன்று. ஆலையில் நாற்பத்தொரு கணினிகள், எல்லாம் ஒரே கம்பெனி. ஒன்று கெட்டால் அந்தக் கம்பெனி கொடுத்த சிடியைப் போட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவார்கள். அந்த சிடி மூன்று வருடப் பழசு. அதற்குப் பிறகு வந்த வைரஸ்களுக்கு அதில் மருந்து கிடையாது. மருந்து சர்வீஸ் பேக் என்ற பெயரில் ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவச சிடியாக வந்திருந்தது. நிறுவி முடித்த பிறகு அதைத் தனியாக ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தை யாரும் தருவதில்லை. திரை தெரிந்ததுமே கிளார்க்குகள் நெட்வொர்க் வயரைச் சொருகிவிடுவார்கள். வயர் வழியே வைரஸ் வரும். நாலு நிமிடத்தில் திரை நடுவே ஒரு பெட்டி எழும்: அறுபது நொடியில் இந்தக் கணினி நின்றுவிடும். அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. மறுபடியும் முதலில் இருந்து.

பல்கீஸ் நோட்டை மூடினார்.

"அண்ணாச்சி, இனிமே மருந்தைத் தனியா குடுக்க வேண்டாம். கம்பெனி சிடிக்குள்ளேயே கலந்து புதுசா ஒரு சிடி எழுதிருவோம். நிறுவும்போதே மருந்தோட எந்திரிக்கட்டும்."

"அப்புறம் புகார் வராதா?"

"வராது."

ஞானதிரவியம் மூடிய நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. டெலக்ஸ் ரூம்ல மூணு நாள் மணி அடிக்கல. நாலாம் நாள் பூட்டுப் போட்டாங்க. நம்மளக் கூப்பிட ஆளே இல்லேன்னா நம்ம எதுக்கு?"

பல்கீஸ் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எடைமேடை கிளார்க் சிவனணைந்தான் இன்னைக்கு லீவு. ஒரு மணி வரைக்கும் அவர் நாற்காலியில உக்காந்துட்டு வாங்க."

ஞானதிரவியம் போய் உட்கார்ந்தார். பஞ்சு லாரிகள் பதினொன்று வரிசையில் நின்றன. மூன்றாவது லாரி எடையைப் பதியும்போது பெட்டி வந்தது. கணினியை மறுபடி எழுப்பினார். ஆறாவது லாரிக்கு மறுபடியும் வந்தது.

"யோவ் பெருசு, எடை போடச் சொன்னா டிவி பாக்கியா?" என்றார் ஒரு டிரைவர்.

இன்னொருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். "அறுவது, அம்பத்தொம்போதுன்னு போவுது. ராக்கெட்டு விடுதாங்க போல."

சிரித்தார்கள். வெயில் ஏறியதும் சிரிப்பு நின்றது. எட்டாவது லாரியின் எடை பதிவாகாமல் போய்விட்டது. அதற்குள் லாரி உள்ளே போய்ச் சரக்கை இறக்கியிருந்தது. எடைச் சீட்டு இல்லாமல் வெளியே விட மாட்டார்கள். சரக்கை மறுபடி ஏற்றித்தான் எடை பார்க்க வேண்டும். அந்த டிரைவர் சத்தம் போடவில்லை. டயர் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "மகளைப் பொண்ணு பாக்க சாயங்காலம் வராங்க, அண்ணாச்சி. போயிருவேன்லா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மணிக்கு ஞானதிரவியம் திரும்பி வந்தார். பல்கீஸ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"காலையில ஏதோ கேட்டீங்களே?"

"ஒண்ணும் கேக்கல டீச்சர். சிடிய எடுங்க."

மூன்று நாள் ஆனது. கம்பெனி சிடியில் இருந்த எல்லாவற்றையும் கணினியில் ஒரு தனி இடத்தில் நகல் எடுத்தார்கள். கம்பெனியின் அடையாளம் நாலு சின்னக் கோப்புகளில் இருந்தது. அவற்றில் கை வைக்கக் கூடாது என்றார் பல்கீஸ். வைத்தால் கணினி அந்த சிடியைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளாது. பிறகு ஒரே ஒரு வரி கட்டளை அடிக்கச் சொன்னார். டெலக்ஸில் பழகிய விரல்கள் பிழையில்லாமல் அடித்தன. பழைய கோப்புகள் ஒவ்வொன்றாகப் போய்ப் புதியவை அந்த இடத்தில் உட்கார்ந்தன.

எழுதிய முதல் சிடி கணினியைக் கிளப்பவில்லை. தொடக்கத்தில் இருக்க வேண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டைக் கம்பெனி சிடியில் இருந்து நகல் எடுக்க மறந்திருந்தார்கள். இரண்டாவது பாதியில் நின்றது. மூன்று முதல் ஆறு வரை ஒவ்வொன்றிலும் ஒரு குறை. கெட்டுப்போன சிடிகளை வாட்ச்மேன் வாங்கிப் போனார். ஒன்றைத் தன் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டார், இருட்டில் பளபளக்கும் என்று.

ஏழாவது கிளம்பியது. நாற்பது நிமிடத்தில் நிறுவி முடித்து, பல்கீஸ் தாமே வயரைச் சொருகினார். இருவரும் காத்திருந்தார்கள். நாலு நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. பெட்டி வரவில்லை.

ஞானதிரவியம் சிடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல நம்ம பேரை எழுதட்டுமா டீச்சர்?"

"தேதி மட்டும் எழுதுங்க."

"நாளைக்கு இந்த சர்வீஸ் பேக் வேண்டாம்னு தோணுச்சுன்னா எடுத்துரலாம்லா?"

"மேல போட்டிருந்தா எடுக்கலாம். கம்ப்யூட்டர்ல இருக்கிற பட்டியல்ல அதுக்குப் பேர் இருக்கும், நீக்குறதுக்குப் பொத்தான் இருக்கும். உள்ள கலந்துட்டா பட்டியல்ல பேரே வராது. எடுக்க வழி கிடையாது."

டிசம்பருக்குள் நாற்பத்தொரு கணினிகளும் அந்த சிடியால் நிறுவப்பட்டன. ஜனவரியில் புகார் நாலு. பிப்ரவரியில் ஒன்று, அதுவும் ஒரு கிளார்க் கீபோர்டில் மோர் கொட்டியது. மார்ச் மாதப் பக்கத்தில் மூன்று வாரமாக எதுவும் இல்லை.

மேனேஜர் சேதுராமன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"இந்த செக்ஷனுக்கு ரெண்டு பேர் என்னத்துக்கு? ஒருத்தர் போதும்."

யார் என்று அவர் சொல்லவில்லை. மதியம் ஞானதிரவியம் அவர் அறைக்குப் போனார்.

"சார், நான் போயிருதேன். வேலை தெரிஞ்சவங்க அந்தப் பிள்ளைதான்."

சேதுராமன் கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார். "அண்ணாச்சி, நீங்க நிரந்தரம். உங்கள அனுப்ப ஏழு காகிதம் வேணும், யூனியன் வரும். அவங்கள அனுப்ப ஒண்ணு போதும். அப்புறம், ஏதோ சிடி இருக்குதாமே? அதைப் போட்டா உங்களுக்கே எல்லாம் முடியுமாமே?"

"அவங்க செஞ்சது சார் அது."

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்றார் சேதுராமன்.

மார்ச் 31, வியாழக்கிழமை. பல்கீஸ் மேசையைக் காலி செய்தார். எடுத்துப்போக அதிகம் இல்லை. சாப்பாட்டு டப்பா, ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒரு பழைய காலண்டர். கம்பெனி சிடியை உறையில் போட்டு பீரோவில் வைத்தார். அதன் மேல் ஏழாவது சிடியை வைத்துச் சாவியை ஞானதிரவியத்திடம் கொடுத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா டீச்சர். மணி அடிக்கலேன்னா பூட்டிருவாங்கன்னு."

"சொன்னீங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

பல்கீஸ் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கியது. விடுவித்து மறுபடி இழுத்தார்.

"எட்டாவது லாரிக்காரர் அன்னைக்கு எத்தனை மணிக்குப் போனாரு?"

"ஏழு மணிக்கு. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டுப் போயிட்டாங்களாம்."

பல்கீஸ் தலையாட்டினார்.

ஞானதிரவியம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "இனிமே ஒரு சந்தேகம்னா நான் யார்ட்ட கேக்க? அம்பத்தஞ்சு வயசு மண்டை டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் ஆறு மாசத்துல போயிரும்."

பல்கீஸ் பையைத் தோளில் மாட்டினார்.

"மேல போட்டதைத்தான் அண்ணாச்சி எடுக்க முடியும்."

2007 ஜூலை 31, செவ்வாய்க்கிழமை, ஞானதிரவியம் பணி ஓய்வு பெற்றார். மறுநாள் காலை எடைமேடைக் கணினி பழுதானது. கிளார்க் சிவனணைந்தான், ஞானதிரவியம் விட்டுப்போன சாவியால் பீரோவைத் திறந்து, ஏழாவது சிடியைப் போட்டுத் தானே நிறுவிக்கொண்டார். நாற்பது நிமிடம் ஆனது. புகார் நோட்டில் அவர் எதுவும் எழுதவில்லை.