கைராசி

வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸை ஒரேயடியாக மூடிவிட்ட பிறகு, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் ஜெசிந்தாவிடம் திரவியம் தொழில் பழக வந்து சேர்ந்தார். வயதில் குருவைவிடச் சீடர்தான் பெரியவர். அவர் "மாஸ்டர்" என்பார், அவள் "அண்ணாச்சி" என்பாள். கோவில்பட்டியில் அதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை.

ஒருநாள் சண்முகவடிவு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஃபிரிட்ஜில் வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்திருந்தது. இவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"மருமக கைராசி அப்படி. மிக்ஸி போச்சு, இப்ப இது. அவ அப்பாவுக்குப் போன் போட்டாச்சு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

மருமகள் கோமதி அடுக்களை மூலையில் நின்றாள். கல்யாண மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. காலடியில் ஒரு கட்டைப்பை தயாராக இருந்தது. திரவியம் அந்தப் பையையே பார்த்தார். அவரும் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்.

மோட்டார் ஓடியது, குளிர்தான் இல்லை. கேஸ் முழுக்கப் போயிருந்தது. திரவியம் குழாயில் காற்றேற்றி, ஃப்ரீசருக்குள் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்ததில் விழுந்த ஓட்டை.

"மாஸ்டர், பழசாகி இத்துப் போச்சுன்னு சொல்லிருவோமா?" என்று கிசுகிசுத்தார்.

ஜெசிந்தா நுரையைத் துடைத்தாள்.

"என்னம்மா கோளாறு?" என்றாள் சண்முகவடிவு.

"கத்தி பட்டு ஓட்டை விழுந்திருக்கும்மா."

கெடுத்தாளே காரியத்தை என்று திரவியம் தலையில் கை வைத்தார்.

"கேட்டியாட்டி? நேத்து நீதான குத்துன?"

"ஆமா அத்தை. மீன் டப்பா ஒட்டிக்கிச்சு..." என்றாள் கோமதி.

"அம்மா, கொஞ்சம் கையை உள்ள விடுங்க," என்றாள் ஜெசிந்தா. "மெதுவாத் தடவிப் பாருங்க."

விரல் ஓட்டையைத் தொட்டது. பிறகு பக்கத்தில் ஒரு தழும்பை. அப்புறம் இன்னொன்றை. தகடு முழுக்கக் குத்தும் கீறலுமாக இருந்தது, எல்லாம் கறுத்துப்போன பழசு. கோமதி வருவதற்கு முன்னால் அந்த அடுக்களையில் கத்தி பிடித்தவள் ஒருத்திதான்.

கையை வெளியே எடுக்க அந்த அம்மாளுக்கு நேரம் பிடித்தது.

"நானும் கத்தியாலதான் எடுப்பேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "என்னையப் பாத்துத்தான் இவளும் பழகியிருப்பா." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அந்தப் பையைக் கொண்டு உள்ள வை. உங்கப்பா வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

ஓட்டையை அடைத்து, கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். தெருமுனை வரைதான் திரவியத்தால் வாயைக் கட்ட முடிந்தது.

"அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க, சரி. முறைச்சிருந்தா? பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை அப்பவே தப்பிச்சிருக்குமே மாஸ்டர்?"

"தப்பிச்சிருக்கும் அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "நாளைக்குப் பால் திரிஞ்சா அது யாரு கைராசி?"