விதையில்லாத் தர்பூசணி விதை

ஒரு குழுவில் ஒரு புத்திசாலி இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். 'பச்சைக்கொடி' வாட்ஸ்அப் குழுவிலோ எல்லோருமே புத்திசாலிகள். மாடித்தோட்டக்காரர்கள் செடியும் விதையும் விற்று வாங்கும் குழு அது. கோமளாவின் பிழைப்பே அதில்தான் ஓடியது. விதையைப் பொட்டலம் கட்டிக் கூரியரில் அனுப்புவாள். கோமளா என்ற பெயரைப் பார்த்தாலே யோசிக்காமல் வாங்குவார்கள். அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது.

தெய்வநாயகம் அவளிடம் விதையில்லாத் தர்பூசணி விதை வாங்கியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்தார், திடுக்கிட்டார், படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

"உஷார் மக்களே! மோசடி! மேல விதையில்லாததுன்னு போட்டிருக்கு. உள்ள பாத்தா பூரா விதை!"

கோமளா பாலை அடுப்பில் வைத்ததையே மறந்துபோய்க் குழுவைப் பார்த்தாள்.

"ஒண்ணு ரெண்டுன்னா மன்னிக்கலாம். கை நிறைய இருக்கே!" என்றார் ரெஜினா டீச்சர்.

"அவசரப்படாதீங்க, தீர விசாரிக்கணும்," என்றார் அட்மின் சிட்டிபாபு. "சார், அது விதைதானா?"

"கடிச்சே பாத்துட்டேன். விதைதான்."

"சரி, விசாரணை முடிஞ்சுது."

கோமளா பதறிப்போய்க் குரல்பதிவு அனுப்பினாள். "ஐயோ, விதை போட்டாத்தாங்க கொடி வரும். அதுல காய்க்கிற பழத்துலதான் விதை இருக்காது!"

"கேட்டீங்களா? விதை இருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்றார் டீச்சர்.

சிட்டிபாபு உடனே கோமளாவைக் குழுவிலிருந்து நீக்கினார். என்ன, அவர் நீக்கியது மண்புழு உரம் விற்கும் இன்னொரு கோமளாவை. "அப்பாடா, போயிட்டாங்க. இனி மனசு விட்டுப் பேசலாம்," என்றார். இந்தக் கோமளா உள்ளேயே இருந்து அத்தனையையும் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் புகார்கள் குவிந்தன. மிளகாய் விதை வாங்கியவர் உறைக்கிறது என்றார். பாகல் விதை வாங்கியவர் கசக்கிறது என்றார். விதை கேட்டு வைத்திருந்தவர்களெல்லாம் வேண்டாம் என்றார்கள். கூரியர்காரர்கூடப் பொட்டலத்தைக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, விதை மாதிரி கேக்குதே," என்றார். ஒரு சொத்தை விதை கலக்காமல் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த பெயர் அது. கோமளாவுக்கு அழுகையாக வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது.

ஒரு வெறும் பொட்டலத்தை ஒட்டித் தெய்வநாயகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

அவர் பிரித்தார், கவிழ்த்தார், தட்டினார். ஒன்றுமே விழவில்லை. "சுத்தமா விதையே இல்லை! இதுதாங்க நேர்மை!" என்று கண்கலங்கிக் குழுவில் போட்டார். குழு கைதட்டியது. சிட்டிபாபு மன்னிப்புக் கேட்டு, கோமளாவைத் திரும்பச் சேர்த்தார். ஏன் போனோம், ஏன் வந்தோம் என்று மண்புழுக் கோமளாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எல்லோருக்கும் அந்தப் பொட்டலமே வேண்டுமாம். காற்றுக்குக் காசு வாங்கக் கோமளாவுக்கு மனம் வரவில்லை. மற்ற விதைகளோடு சும்மா வைத்து அனுப்பினாள். வியாபாரம் பழையபடி நடந்தது. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கோடை வந்ததும் தெய்வநாயகம் போன் செய்தார். "ஏம்மா, பழம் பழுத்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"விரலால தட்டிப் பாருங்க சார். டொம்முனு சத்தம் வரணும்."

அவர் அந்த வெறும் பொட்டலத்தை விதைத்திருந்த தொட்டிக்குப் போனார். "தட்டினேம்மா. கையில எதுவுமே படலையே!" என்றவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் வெறும் தொட்டியின் படம் குழுவில் வந்தது. "என் பழத்தை மேல்வீட்டுக்காரர் திருடிட்டார்!"

"என்னோடதையும் காணோம்!" என்றார் ரெஜினா டீச்சர்.

"ஊர் பூராவும் ஒரே ஆள்தான் கைவரிசை காட்டியிருக்கான்," என்றார் சிட்டிபாபு. "போலீஸ்ல சொல்லணும். பழத்துக்கு ஏதாவது அடையாளம் உண்டா?"

"இருக்கு சார்," என்றார் தெய்வநாயகம். "வெட்டிப் பாத்தா உள்ள விதை இருக்காது."