ஈரத் தவளையும் நனையாத டப்பாவும்

மலையடிவாரத்துக் குட்டையில் குண்டாயி என்றொரு தவளை இருந்தது. மழைக்காலம் முழுக்க அங்கே அதன் சத்தம்தான். மழை ஓய்ந்ததும் சேற்றைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அடுத்த மழைவரை ஒரே தூக்கம்!

அதன் உயிர்த்தோழி ஒரு வாலாட்டிக் குருவி. குருவியோ பனிக்காலத்தில்தான் வடக்கேயிருந்து வந்து சேரும். ஒரு வருஷம் மழை நீண்டுபோனதால் இரண்டும் சந்தித்தன. ஒரே மாலையில் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு பார்க்கவே வாய்க்கவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. மருதமர வேருக்கடியில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு வெள்ளைத் துணி. தூங்கப் போகுமுன் தவளை செம்மண்ணில் காலை வைத்துத் துணியில் பதிக்கும். குருவி வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் தன் காலைப் பதிக்கும். நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் இரு என்று அதற்கு அர்த்தம்.

போன வருஷம் குண்டாயி ஒரு ஸ்வீட் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது. ரோஜாப்பூ படம் போட்ட அட்டைப்பெட்டி. அழகில் மயங்கி அட்டையைப் பருவம் தப்பிய தூறலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கூழாகிவிட்டது. துணியில் ஒரு தடமும் மிஞ்சவில்லை.

இந்த மழையில் தவளை கண்விழித்ததும் மருதமரத்து அணில் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னது. குருவி அழுதுகொண்டே போனதாம். "அடுத்த தடவையும் தடம் இல்லேன்னா, எனக்கு இங்க யாரும் இல்லைன்னு அர்த்தம். வேற ஏரிக்குப் போயிடுறேன்" என்றதாம்.

குண்டாயி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேராகக் குரங்கிடம் போனது. மலைக்கு வருகிறவர்களின் சாப்பாட்டு மூட்டைகளைப் பறித்துப் பறித்து, டப்பா விஷயத்தில் குரங்கு பெரிய ஆள். மூன்றைக் கொண்டுவந்து வைத்தது. எல்லாமே அசல் சரக்கு என்று பீற்றிக்கொண்டது.

தவளை ஒன்றையும் நம்பவில்லை. ஒவ்வொன்றாக மூடித் தண்ணீருக்குள் அமுக்கச் சொல்லி, தானும் முங்கி உட்கார்ந்து பார்த்தது. காற்று வெளியே வர வழியிருந்தால் தண்ணீர் உள்ளே போகவும் வழியிருக்கும். குமிழிகளைப் பார்த்து வளர்ந்த தவளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

பிஸ்கட் தகரத்திலிருந்து குமிழி கொத்துக்கொத்தாக வந்தது. தயிர் டப்பாவிலும் வந்தது. நாலு பக்கமும் கொக்கி வைத்த, உள்ளிருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டிபன் டப்பாவிலும் வந்தது!

"இந்த மூடியில ஏதோ ஒண்ணு குறையுதே, மாமா" என்றது தவளை.

குரங்கு அசடு வழிந்தது. மூடியின் பள்ளத்தில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் அதன் கையில் வளையலாகக் கிடந்தது. மனசே இல்லாமல் கழற்றிக் கொடுத்தது. வளையத்தைப் பொருத்தி மறுபடி அமுக்கின. ஒரு குமிழிகூட இல்லை.

குண்டாயி சந்தோஷத்தில் குதித்தது. மழை முடிந்ததும் தடம் பதித்து, மூடி, வேருக்கடியில் ஒளித்தது. தூங்கப் போகிற நேரத்தில் அணில் மூச்சிரைக்க வந்தது. டப்பாவின் உள்பக்கம் வியர்த்திருக்கிறது, தடம் கலங்குகிறது என்றது.

தவளை குரங்கின் மேல் பாய்ந்தது. ஓட்டை டப்பாவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாயே என்று கத்தியது. குரங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. டப்பாவை அப்படியே தண்ணீரில் அமுக்கிக் காட்டியது. குமிழி வரவில்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அணில் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அக்கா, நீங்க சொட்டச்சொட்டத்தானே வந்து துணியைத் தொட்டீங்க? அதை அப்படியே உள்ள வச்சுப் பூட்டிட்டீங்க."

குண்டாயி குனிந்து தன் காலைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து ஈரத்திலேயே இருப்பதால், தன் மேல் ஈரம் இருப்பதே அதற்குத் தெரிந்ததில்லை. உள்ளே வர வழியில்லாத டப்பாவில் வெளியே போகவும் வழியில்லை.

துணியைத் திருப்பிப் புதிதாகத் தடம் பதித்தது. அது வெயிலில் காயவேண்டும். ஆனால் குட்டைச் சேறும் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. துணி காயும்வரை காத்திருந்தால் தவளையால் மண்ணைத் தோண்டவே முடியாது. டப்பாவை மூடுவதைப் பார்க்காமலே தூங்கப் போகவேண்டும். அதுவும் குரங்கை நம்பி!

"மாமா, நான் பேசினது தப்பு. நல்லாக் காஞ்ச பிறகு நீங்களே மூடி வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மண்ணுக்குள் இறங்கியது.

அணில் வாலால் டப்பாவைத் துடைத்தது. துணி மொறமொறவென்று காய்ந்ததும் குரங்கு நாலு கொக்கியையும் போட்டது. ரப்பர் வளையத்தை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தது. எடுக்கவில்லை.

பனிக்காலத்தில் குருவி பயந்துகொண்டே வந்தது. டப்பாவைக் குரங்கு திறந்து காட்டியது. செம்மண் தடம் பளிச்சென்று இருந்தது. குருவி வாலை ஆட்டி ஆட்டி அழுதது. தன் காலைப் பதிக்க ஓடியபோது குரங்கு குறுக்கே கை நீட்டியது.

"முதல்ல காலைத் துடை!"

அடுத்த மழையில் குண்டாயி கண்விழித்தது. இந்தமுறை கால் காயும்வரை டப்பாவின் பக்கமே போகாமல், அணிலைத் திறக்கச் சொல்லி எட்டி நின்று பார்த்தது. தன் அகலத் தடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய குருவித் தடம் ஒன்று அழியாமல் இருந்தது.

வெளியே இருந்து கேடு வராமல் கதவை அடைக்கிறவர்கள், தாங்களே உள்ளே கொண்டுபோவது என்ன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.