ரூபன் மூணு தடவை சொன்னது

ஒரு ஊர்ல ஒரு கொல்லன் இருந்தான், பேரு ஆமோஸ். நம்ம ஊர் இல்ல, கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்கா. உன் தாத்தாவுக்குத் தாத்தா இருந்த காலம். ஆமோஸுக்கு ஒரே ஒரு தம்பி, ரூபன். அம்மா அப்பா கிடையாது, தம்பியை வளத்ததே அண்ணன்தான். ம் சொல்லு, அப்பதான் மேல சொல்லுவேன்.

ரூபனுக்கு ரயில்வே யார்டுல வேலை. பெட்டிங்களை ஒண்ணோட ஒண்ணு சேக்கணும். ரெண்டு பெட்டிக்கு நடுவுல போய் நிக்கணும் தங்கம், கையில ஒரு இரும்பு வளையம். எதிர்ப்பெட்டி தடதடதடன்னு வரும். அது முட்டுற நேரம் பாத்து வளையத்தை அந்தப் பெட்டித் துளைக்குள்ள விட்டு, ஆணியைச் சொருகிட்டு, கையை இழுத்துடணும். கொஞ்சம் அசந்தா, நச்!

அப்படித்தான் ஒரு நாள் ரூபனுக்கு ரெண்டு விரல் போச்சு. அப்புறம் நடந்ததைக் கேளு. யார்டு ஆளுங்கல்லாம் வந்து அவன் முதுகுல தட்டி, "இப்பத்தாண்டா நீ வேலைக்காரன்"னு சிரிக்கிறாங்க! அந்த ஊர் மேஸ்திரிங்க விரலைப் பாத்துத்தான் ஆள் எடுப்பாங்களாம். பத்தும் ஒழுங்கா இருந்தா வேலை தெரியாதவன்னு அர்த்தமாம். என்ன ஊரோ! ரூபனும் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, இனிமே எந்த யார்டுலயும் என்னைச் சேத்துப்பாங்க"ன்னு சிரிக்கிறான். ஆமோஸுக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கல.

அப்புறம், ஆள் நடுவுல போகாமலே பெட்டிங்க சேர ஒரு பூட்டு செய்யணும்னு பட்டறையே கதின்னு கிடந்தான். முதல்ல செஞ்சது ஒடைஞ்சுது. அடுத்தது பனியில விரிசல் விட்டுச்சு. மூணாவதா ஒண்ணு செஞ்சான் பாரு, ரெண்டு கை விரலை மடக்கிக் கோத்துக்கிட்ட மாதிரி. பெட்டி வந்து முட்டினதும் டக்! தானாப் பூட்டிக்கிச்சு. ரயில் கம்பெனியெல்லாம் போட்டி போட்டு வாங்குச்சு. பட்டறை ஃபேக்டரி ஆச்சு, ஆமோஸ் முதலாளி ஆனான். கோட்டு, குதிரை வண்டி, எல்லாம் வந்துச்சு. "நீயும் ஃபேக்டரிக்கு வந்துடுடா"ன்னு தம்பியைக் கூப்பிட்டான். "எனக்கு யார்டுதாண்ணே பிடிக்குது"ன்னுட்டான் அவன்.

ஆனா ஒண்ணு. பெட்டி தானாப் பூட்டிக்கும், தானாக் கழண்டுக்குமா? அந்தப் பூட்டைத் தூக்கிவிட, ஆள் மறுபடி நடுவுலதான் போகணும். ரூபன் வந்து சொன்னான், "அண்ணே, சேக்குறதுக்கு நாங்க வேணாம். பிரிக்கிறதுக்கு இன்னும் உள்ளதான் போறோம்." "பாக்கலாம்டா, ஆர்டர் குமிஞ்சு கிடக்கு"ன்னான் ஆமோஸ். அப்புறம் கிறிஸ்மஸ் விருந்துல ரெண்டாவது தடவை சொன்னான். "சாப்பிடுற நேரத்துலயாடா?" மூணாவது தடவை ஆபீசுக்கே போனான். சொந்தத் தம்பியை வெளியில பெஞ்சுல உக்கார வெச்சாங்க! சொல்லும்போதே எனக்குக் கோவம் வருது. ஆமோஸ் வெளியில வந்தான், நடந்துக்கிட்டே "அடுத்த மாசம் கண்டிப்பாடா"ன்னான், வண்டியில ஏறிட்டான்.

கெட்டவன் இல்ல தங்கம். தம்பி மேல உசிரையே வெச்சிருந்தான். இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டான். ம்? முழிச்சிருக்கியா?

அப்போ ஒரு நாள் மழை, சோன்னு பெய்யுது. பூட்டைத் தூக்கிவிட ரூபன் உள்ள குனிஞ்சான். நின்னுக்கிட்டிருந்த பெட்டி ஈரத் தண்டவாளத்துல மெல்ல நகந்துச்சு. கிர்ர்ர்... வலது கை முழுசாப் போச்சு.

ஆமோஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தம்பி ஒரு வார்த்தை திட்டல, சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

தொழில்ல கூட்டாளி ஒருத்தர் இருந்தார். அவர், "பூட்டுல குறை இருக்குன்னு வெளிய மூச்சு விடாதே, வித்ததெல்லாம் திரும்பி வந்துடும்"னார். ஆமோஸ் காதுலயே வாங்கல. பழைய பூட்டு இனி செய்ய வேணாம்னு உலையை அணைக்கச் சொன்னான். கம்பெனிக்காரங்ககிட்டப் போய், "நான் உங்களுக்கு வித்தது பாதி வேலைதான்"னு நேராச் சொன்னான். அப்புறம் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு யார்டுக்குப் போய், தம்பி குனிஞ்ச இடத்துலயே தானும் குனிஞ்சு பாத்தான். அத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் முதல் தடவை அங்க நின்னான்.

ரூபன் எழுந்து நடமாடினதும், ஆமோஸ் அவனை யார்டுக்குக் கூட்டிட்டுப் போனான். பூட்டுலேருந்து பெட்டி ஓரம் வரைக்கும் புதுசா ஒரு நீளக் கம்பி, நுனியில ஒரு கைப்பிடி. "இழுடா"ன்னான். ரூபன் வெளியில நின்னபடியே இடது கையால இழுத்தான். டக். பூட்டு விட்டுடுச்சு. யாருமே உள்ள போகல! யார்டு ஆளுங்க தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினாங்க.

ரூபன் கத்தல. கம்பியை இந்த நுனியிலேருந்து அந்த நுனி வரைக்கும் பாத்தான். அப்புறம் மெதுவாக் கேட்டான், "இதைச் செய்ய எத்தனை நாளாச்சுண்ணே?"

ஆமோஸுக்குப் பொய் சொல்ல வரல. "ஒரு வாரம்"னான்.

"ஒரு வாரந்தானா?"

அவ்வளவு பெரிய முதலாளி, அத்தனை பேர் பாக்குறாங்கன்னுகூட நெனைக்கல. தம்பியோட காலிச் சட்டைக்கையைப் பிடிச்சுக்கிட்டு, ஓன்னு அழுதான்.

கதை முடிஞ்சுடுச்சு தங்கம். கண்ணை மூடு.